ஏழு, ஐந்து, மூன்று: ஜப்பானிய இலையுதிர்காலத்தின் குழந்தைச் சடங்கு

ஜப்பானில் நவம்பர் 15ஆம் நாளையொட்டிக் குழந்தைகளைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் ஷிச்சி-கோ-சான், அதாவது ஏழு-ஐந்து-மூன்று என்னும் வழக்கம், அரசவையினரும் சாமுராய் என்னும் போர்வீரக் குடியினரும் தனித்தனியே நடத்திவந்த மூன்று சடங்குகளின் தொகுப்பாகும். அதுவரை மழித்துவந்த தலையில் முடி வளர்க்கத் தொடங்குவது மூன்று வயதிலும், மடிப்புகள் வைத்த அகன்ற கீழாடையான ஹகாமாவைச் சிறுவனுக்கு முதன்முறையாக அணிவிப்பது ஐந்திலும், சிறுமியின் கிமோனோவில் தைத்திருந்த நாடாவை நீக்கி, ஓபி எனப்படும் இடுப்புப் பட்டையைக் கட்டுவது ஏழிலும் நிகழ்ந்தன. ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், தொகுகவா சுனயோஷி தம் மகனுக்காக 1681இல் செய்த சடங்கே நவம்பர் 15ஆம் நாளை நிலைநிறுத்தியது என்று மரபு கூறுகிறது. ஆட்சியாளர் ஒருவரோடு இணைந்த இத்தகைய தோற்றக் கதைகள் பல வழக்கங்களுக்கும் உண்டு. ஆனால், பிள்ளைகள் பலர் சிறுவயதிலேயே மாண்ட அக்காலத்தில், ஏழு வயதை எட்டுவது பெற்றோருக்கு எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதே வழக்கத்தின் வேரைக் கூடுதலாக விளக்குகிறது. ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்து நகர வணிகரிடமும், அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் (1868–1912) பொதுமக்களிடமும் இது பரவியபின், ஐந்து வயது அண்ணனும் மூன்று வயதுத் தங்கையும் உள்ள வீடுகளில் இருவருக்கும் ஒருசேர வழிபாடு நடத்துவது எளிதாயிற்று. பிள்ளைகளுக்கோ, நாரையும் ஆமையும் வரைந்த பையில் கிடைக்கும் சிதோசே-அமே, அதாவது நீண்ட ஆயுளை வேண்டித் தரப்படும் 'ஆயிரமாண்டு மிட்டாய்', வழிபாட்டைவிடப் பெரிது.