கலங்கலைக் கேட்டறிதல்

1788-ஆம் ஆண்டின் இறுதியில், பம்பாய் மரைன் என்னும் கம்பெனிக் கடற்படையைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு பிளேர், எலிசபெத், வைப்பர் என்னும் இரு கப்பல்களுடன் அந்தமான் கரையோரத்தை அளக்கப் புறப்பட்டார். அக்காலத்தில் ஆழமளக்கும் கருவி கயிறும் ஈயக்குண்டுமே. குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்பை அப்பி இறக்குவர். அதில் ஒட்டிவரும் மணலோ சேறோ கடலடியின் இயல்பைக் கூறும். கயிற்றைப் பாகக்கணக்கில் எண்ணுவர். நம் பரதவர் வழக்கும் அதுவே. 1789-இல் சாத்தம் தீவில் அமைந்த குடியேற்றம் 1792-இல் வடக்கே பெயர்ந்து, நோய் மிகுதியால் 1796-இல் கைவிடப்பட்டது. பிளேர் அளந்த துறைமுகமோ பிற்காலத்தில் அவர் பெயரைப் பெற்றது. அந்நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றினர்.

ஈயக்குண்டு அடிமண்ணைத் தொடும். நடுநீரில் மிதந்து செல்லும் மண்ணை அறியாது. அம்மண்ணைத் ‘தொங்கும் வண்டல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுவாரும் உளர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு அஃது உவப்பன்று. ‘கலங்கல்’ என்னும் நம் சொல்லே போதும்.

அந்தமான் கடலின் கலங்கலுக்குப் பெருங்காரணம் பர்மாவின் ஐராவதி ஆறு. ராபர்ட் கார்டன் என்னும் பொறியாளர் 1869 முதல் பத்தாண்டுகள் அவ்வாற்றை அளந்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ 26 கோடி டன் மண் கடலுக்குச் செல்வதாக அவர் குறிப்புகளைக்கொண்டு கணித்தனர். அதே குறிப்புகளை 2007-இல் ஆய்ந்தோர் அத்தொகையை ஏறத்தாழ 36 கோடி டன்னாக உயர்த்தினர். பழைய குறிப்பேடுகளை எரித்துவிடாமல் வைத்திருந்தவர்களை நாம் வாழ்த்தத்தான் வேண்டும்!

முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் எதிரொலியால் ஆழமளக்கும் முறை பிறந்தது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். அது போய்த் திரும்பும் நேரமே ஆழத்தைச் சொல்லிவிடும். ஆயின் 1942-இல் கலிபோர்னியக் கரைக்கப்பால் ஆழ்கடலின் நடுநீரிலிருந்தே எதிரொலி வந்தது. பொய்யடித்தளம் என மயங்கிய அது, உயிரினக் கூட்டம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. உயிரினம் ஒலியைத் திருப்புமாயின் மண்துகளும் திருப்புமன்றோ? நீரோட்டத்தை அளக்க 1980-களில் பரவிய டாப்ளர் கருவியும் மிதக்கும் துகள்களின் எதிரொலியையே நம்பியுள்ளது. ஓட்டத்தின் வேகத்தைத் தருவது அவ்வொலியின் அதிர்வெண் மாற்றம். கலங்கலின் அளவைக் குறிப்பது அதன் வலிமை.

இதில் ஓர் இடர் உண்டு. ஒலியலையினும் மிகச் சிறிய துகளின் பருமன் இருமடங்கானால், அத்துகள் தரும் எதிரொலி 64 மடங்காகும். எனவே சில மணற்பருக்கைகள் பெருந்திரளான களிமண்ணின் ஒலியை மூழ்கடித்துவிடும். அவ்விடத்து நீரையே முகந்து, வடிகட்டி, உலர்த்தி, நிறுத்துப் பார்த்தாலன்றிக் கருவியின் எண்ணுக்குப் பொருளில்லை.

இவ்வளவு முயற்சியும் ஏன் எனலாம். பவளப் பூச்சிகள் தம்முள் வாழும் நுண்பாசிக்காக ஒளியை நாடுகின்றன. காடழிந்த சரிவிலிருந்து மழைநீர் கொணரும் சேறு அவ்வொளியை மறைக்கும். படிந்து மூடவும் செய்யும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குக்கரைப் பவளத்திட்டுகள் நீருக்குமேல் உயர்ந்து மடிந்தன. தென்கோடி இந்திராமுனை நான்கு மீட்டருக்குமேல் தாழ்ந்தது. எஞ்சிய திட்டுகளைச் சேறு எவ்வளவு நெருங்குகிறது என்றறிவது அவசியமாயிற்று. பருவக்காற்றில் படகிறங்காத நாட்களிலும், அடியிற் கிடத்திய ஒலிக்கருவி மேல்நோக்கிக் குறித்துக்கொண்டிருக்கும். போத்தலில் நீர் முகந்துவர மட்டும் மனிதர் போயாக வேண்டும்.