கோடைப் பள்ளியும் அஞ்சல்வழிக் கல்வியும்: தமிழகத்தில் நூலகப் பயிற்சி

நூலகவியலைத் தொலைநிலையில் பயின்றோரை, கல்லூரியில் பயின்றோரினும் ஒருபடி தாழ்வாக எண்ணும் போக்கு இன்றும் உண்டு. இவ்வெண்ணம் அத்துறையின் வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதை எடுத்துரைக்க இக்கட்டுரை முற்படுகிறது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தபோது நூலகப் பயிற்சி ஏதும் பெற்றிருக்கவில்லை. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர் அவர். பணியேற்ற பின்னரே இலண்டன் சென்று பயின்றார். (அங்கும் வகுப்பறையோடு நில்லாமல், நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரிற் கண்டார் என்பர்.) முதலிற் பணி, பின்னர்ப் பயிற்சி என்னும் இவ்வரிசை கருதத்தக்கது. 1928-இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம் மறு ஆண்டே கோடைப் பள்ளியொன்றைத் தொடங்கிற்று. கோடையில் நடந்த குறுகிய காலப் பயிற்சியாதலின், வேலையை விட்டுவிடாமலே ஒருவர் நூலகக் கலையைக் கற்க இயன்றது. 1931-இல் பல்கலைக்கழகம் இப்பயிற்சியைத் தன் பொறுப்பில் ஏற்றது. அதே ஆண்டில்தான் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஊர்களை நோக்கிப் புறப்பட்டது. வாசகன் நூலைத் தேடி வரட்டும் என்று காத்திராத மனப்பான்மையே, மாணவனின் ஓய்வுக் காலத்தைத் தேடிச் சென்ற பள்ளியிலும் செயற்பட்டது எனலாம்.

1937-இல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டு முழுநேரப் பட்டயப் படிப்பாயிற்று. தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் ஊதியத்தை ஓராண்டு இழக்க இயலாதவர்க்கு வாயில் அடைபட்டது. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுக்கள் அமைந்து, பயிற்சி பெற்றோரின் தேவை பெருகியபோது இவ்விடைவெளி மேலும் உறுத்தியிருக்க வேண்டும்.

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழகத்தில் 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் அவ்வழியில் இறங்கியது. 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1989-இல் நூலக, தகவல் அறிவியலில் இளநிலைப் பட்டத்தைத் தொடங்கியபோது, பணியிலிருப்போர்க்குப் பழைய கோடைப் பள்ளியின் வாயில் வேறு உருவில் மீண்டும் திறந்தது.

எதிர்வாதத்திலும் உண்மை உண்டு. வகைப்படுத்தலைப் பாடநூலை மட்டும் படித்துத் தேர முடியாது. சித்தர் ஒருவர் செய்யுளில் இயற்றிய மருத்துவ நூல் கைக்கு வருகிறது எனக் கொள்வோம். அதற்குரிய இடம் மருத்துவமா, சமயமா, இலக்கியமா? பட்டியல் எண்ணைத் தரும், தீர்ப்பைத் தராது. அருகிருந்து ஒருவர் ‘ஏன்’ என்று கேட்டாலொழிய அத்தீர்ப்பு பழகுவதில்லை. இதனை உணர்ந்தே தொலைநிலைப் படிப்பிலும் வகைப்படுத்தல், பட்டியலிடுதல் ஆகியவற்றுக்குச் செய்முறை வகுப்புகள் வைக்கப்பட்டன. அவற்றை நடத்துவோரில் பலர், தம் நூலகப் பணிக்கிடையே வந்து கற்பிக்கும் கல்லூரி நூலகர்களே.