ஓர் இதழா, பல இதழ்களா? சிங்கப்பூர்த் தமிழ் இதழியலின் ஒரு பழைய கணக்கு

இதழ் நடத்தி அதன் வருவாயில் வாழ எண்ணியவர் எவருக்கும் ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு கேள்வி எழும். கையிலுள்ள ஒரே இதழை மேலும் பெரிதாக்குவதா, அல்லது அதன் அருகில் இன்னொன்றைத் தொடங்குவதா? அச்சகம் இருக்கிறது, எழுதத் தெரிந்த கை இருக்கிறது, முதல் இதழை வாங்குகிறவர்கள் இரண்டாவதையும் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. இக்கேள்வியைச் சிங்கப்பூர்த் தமிழ் இதழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சந்தித்திருக்கிறார்கள். நம் இதழியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொள்கையைப் பற்றி எழுதுகிறார்கள். கல்லாப்பெட்டியைப் பற்றி எழுதுவதில்லை. இவ்வுரை கல்லாப்பெட்டியின் பக்கம் சற்று நின்று பார்க்கும் முயற்சி.

தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். சி.கு. மகுதூம் சாயபு 1875இல் ‘சிங்கை வர்த்தமானி’யை வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1887 ஜூன் 27ஆம் நாள், ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். திங்கள்தோறும் வெளிவந்த அவ்விதழ் 1890 வரை நடந்தது. தமிழில் சிறுகதையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக இன்று பேசப்படும் ‘விநோத சம்பாஷணை’ 1888இல் அதில்தான் வந்தது. அதே காலத்தில் இந்நகரில் ‘ஜாவி பெரானாக்கான்’ என்ற மலாய் வார இதழ் 1876 முதல் வெளிவந்துகொண்டிருந்தது. அதை நடத்தியோர் தென்னிந்திய முஸ்லிம் தந்தையரும் மலாய்த் தாயரும் கலந்த மரபினர். ஒரே நகரத்தில், ஒன்றுக்கொன்று நெருங்கிய சமூகங்களிலிருந்து, இரு மொழிகளில் இரு இதழ்கள் எழுந்தன. அவை ஒன்றின் வாசகரை மற்றொன்று பறிக்கவில்லை. தமிழ் வணிகர் தமிழில் படித்தார்; மலாய் அறிந்தவர் மலாயில் படித்தார். இந்தச் சிறிய உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அவையோரைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

இனிச் சற்றே கடல் கடந்து புதுச்சேரிக்குச் செல்ல வேண்டும். பல இதழ்கள் என்ற வழியை முழு மூச்சுடன் முயன்று பார்த்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். 1906இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘இந்தியா’ வார இதழ், அரசின் நெருக்கடியால் 1908இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. பாரதியாரும் மண்டயம் குடும்பத்தாரும் அதனோடு நிற்கவில்லை. 1909, 1910ஆம் ஆண்டுகளில் ‘விஜயா’ நாளிதழ், ‘சூரியோதயம்’ வார இதழ், ‘கர்மயோகி’ மாத இதழ் என அடுத்தடுத்துப் பாரதியார் பங்கேற்ற இதழ்கள் வெளிவந்தன. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று நிற்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் 1910இல் அவை ஏறத்தாழ ஒருசேர மறைந்தன. காரணம் எளியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சந்தாதாரரோ பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தனர். எல்லா இதழ்களும் அதே எல்லையைக் கடந்து, அதே அஞ்சல் வழியே, அதே வாசகர் வீட்டுக்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் அரசு அந்த ஒரு வாயிலை அடைத்ததும் உள்ளே எத்தனை இதழ்கள் இருந்தன என்பதற்குப் பொருளில்லாமல் போயிற்று. நான்கு பெயர்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் வருவாய் வரும் வழி ஒன்றே ஒன்றுதான். பாரதியாரின் அத்துணிவை நான் குறைத்துப் பேசவில்லை. அவருக்கு வருவாய் முதல் நோக்கமும் அன்று. ஆயினும் கணக்குப் புத்தகம் நோக்கத்தைக் கேட்பதில்லை.

இப்போது சிங்கப்பூருக்கே திரும்புவோம். திருவாரூரில் 1903இல் பிறந்து 1924இல் இங்கு வந்த கோ. சாரங்கபாணி, முதலில் கணக்கு வேலை தெரிந்தவர் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். 1929இல் தோன்றிய ‘முன்னேற்றம்’ வார இதழின் ஆசிரியப் பொறுப்பு அவருக்கு இதழ்த் தொழிலைக் கற்றுத்தந்தது. 1935 ஜூலை 6ஆம் நாள் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாகத் ‘தமிழ் முரசு’ பிறந்தது. விலை ஒரு காசு. விரைவில் அது சாரங்கபாணியின் பொறுப்புக்கு வந்தது.

ஒரு காசு என்பது கேட்பதற்கு இனிமையாக இருக்கலாம். நடத்துபவருக்கு அது கடினமான விலை. 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி சிங்கப்பூரில் இந்தியர் ஏறத்தாழ 51,000 பேர். அவர்களுள் தமிழ் எழுத்து அறிந்தோர் ஒரு பகுதியினரே. அறிந்தவருள்ளும் பலர் தாமாக இதழ் வாங்கவில்லை. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் தோட்ட வரிசை வீடுகளிலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டனர். பத்துக் காதுகள் கேட்டாலும் உண்டியலில் விழுந்தது ஒரு காசுதான். வணிகர் தந்த விளம்பரமும், அழைப்பிதழ், கணக்கேடு, துண்டறிக்கை போன்ற சில்லறை அச்சு வேலையும் இருந்தால்தான் அச்சகங்கள் பிழைத்தன. சந்தா பாக்கிக்கு நினைவூட்டல் எழுதுவது அக்கால ஆசிரியர்களின் வாடிக்கையான எழுத்துப்பணிகளுள் ஒன்று என்றே சொல்லலாம்.

இத்தகைய நிலையில், அதே தமிழ் வாசகருக்காக இரண்டாவது தமிழ் வார இதழ் ஒன்றைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே மளிகைக் கடைக்காரரிடம் அதே மாதத்தில் இருமுறை விளம்பரம் கேட்க வேண்டும். அதே அச்சுக்கோப்பவர் இரவில் இரு பக்கப்படிகளைக் கோக்க வேண்டும். தமிழ் அச்செழுத்துப் பெட்டி ஆங்கிலப் பெட்டியைவிட எத்தனை மடங்கு அறைகள் கொண்டது என்பதை அவ்வேலை செய்தவர் அறிவர். சாரங்கபாணி அந்த வழியில் செல்லவில்லை. தமக்குக் கிடைத்த வலிமையை முரசின் இடைவெளியைக் குறைப்பதில் செலவிட்டார். வார இதழாகப் பிறந்தது 1937இல் நாளிதழாயிற்று. புதிய பெயர் இல்லை. ஆனால் பழைய வாசகர் வாரம் ஒருமுறைக்குப் பதிலாக நாள்தோறும் காசு கொடுத்தார். என் கருத்தில், அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த வணிக முடிவு இதுவே. கோலாலம்பூரில் 1924 முதல் ‘தமிழ் நேசன்’ இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால், மலாயாவின் தமிழ் வாசகருக்காக இன்னொரு பெயரை அவர் சேர்க்காமல் இருந்ததன் பொருள் இன்னும் தெளிவாகும்.

ஆனால் அவர் ஒரே இதழோடு நின்றவர் அல்லர். 1930களில் சீர்திருத்தச் சங்கத்தின் ஆங்கில மாத இதழான ‘ரிஃபார்ம்’ அவர் கையிலிருந்தது. அதன் பயன் வருவாயினும் செல்வாக்கைச் சார்ந்தது. தமிழ் படிக்காத அதிகாரிக்கும் ஆங்கிலம் கற்ற தமிழருக்கும் சங்கத்தின் வழக்கை எடுத்துரைத்தது அது. போர் முடிந்ததும் அவர் செய்த துணிச்சல் பெரிது. 1946இல் ‘இந்தியன் டெய்லி மெயில்’ என்ற ஆங்கில நாளிதழைத் தொடங்கினார்.

இதன் கணக்கு முந்தியவற்றினின்று வேறுபட்டது. இங்கே வாசகர் வேறு: ஆங்கிலம் கற்ற இந்திய எழுத்தர், ஆசிரியர், வழக்கறிஞர், சிந்தி, குஜராத்தி வணிகர். விளம்பரம் தருவோரும் ஓரளவு வேறு. செய்தி நிறுவனங்களிலிருந்து ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்தியைத் தமிழிதழ் மொழிபெயர்த்துத்தான் ஆக வேண்டும். ஆங்கில இதழோ அப்படியே அச்சிடலாம். ‘சிங்கை நேச’னும் ‘ஜாவி பெரானாக்கா’னும் ஒன்றையொன்று உண்ணாததுபோல, முரசும் ‘மெயிலு’ம் ஒன்றையொன்று உண்ணவில்லை. இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அதற்குச் சூடான செய்திக்கும் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் 1950களின் நடுப்பகுதியோடு அது நின்றது. 1947இல் சிங்கப்பூர் இந்தியர் ஏறத்தாழ 69,000 பேர்; அவர்களுள் ஆங்கிலத்தில் நாளிதழ் படிப்போருக்கு ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ ஏற்கெனவே கையில் இருந்தது. தமிழ் மட்டும் படிப்பவருக்கு முரசு இன்றியமையாதது. ஆங்கிலம் படிப்பவருக்கு ‘மெயில்’ இரண்டாவது இதழ். குடும்பச் செலவைக் குறைக்க வேண்டிய மாதத்தில் முதலில் நிறுத்தப்படுவது இரண்டாவது இதழ்தான். இதைத் தோல்வி என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஆசிரியர் ஒருவரின் நாளில் உள்ள மணிநேரம் இரண்டு நாளிதழ்களுக்குப் பங்கிடப்பட்ட ஆண்டுகள் அவை என்பதை மறுக்கவும் முடியாது.

இதற்கிடையே, ஒரே இதழுக்குள் பல இதழ்களை வளர்க்கும் வேறொரு வழியும் முரசில் உருவாயிற்று. 1952இல் ‘ரசனை வகுப்பு’ வந்தது. அதே ஆண்டில் ‘மாணவர் மணிமன்றம்’ தொடங்கியது. மாணவர் பகுதிக்கென்று எழுதியவர்கள் தம் பெயரை அச்சில் காண்பதற்காக முரசை வாங்கினர், பெற்றோரை வாங்கவைத்தனர். தனிப் பெயரும் தனி அச்சுச் செலவும் இல்லாமல், ஒரு புதிய வாசகர் வட்டம் பழைய இதழுக்குள் குடியேறியது. அவ்வட்டம் மலாயாவெங்கும் மன்றங்களாகப் பெருகிப் பின்னர் மணிமன்றப் பேரவையாகவே எழுந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஓரிதழே போதும் என்று நான் முடித்துவிடுவேன் என எதிர்பார்த்தால் 1963 குறுக்கே நிற்கிறது. அவ்வாண்டு வேலைநிறுத்தத்தால் முரசு வெளிவராமல் நின்றது. ஒரு வீட்டின் முழு வருவாயும் ஒரே பெயரில் இருந்தது. அப்பெயர் அச்சேறாத நாளில் விளம்பரமும் இல்லை, சந்தாவும் இல்லை. வாசகரின் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. 1964இல் ‘தமிழ் மலர்’ பிறந்தது. முரசு மீண்டு வந்தபோது, சிங்கப்பூரின் தமிழ் வாசகர் இரு நாளிதழ்களுக்கிடையே பிரிந்திருந்தனர். சாரங்கபாணி தாமாகச் செய்ய மறுத்த அதே பங்கீட்டை வேறொருவர் செய்துவிட்டனர் எனலாம். 1974இல் அவர் மறைந்தார். அதன்பின் குடும்பத்தினர் முரசை இருபது ஆண்டுகளுக்கு மேல் தாங்கினர். எத்தனை நாள் எந்தக் கைப்பணத்தைப் போட்டுத் தாங்கினர் என்பதை நினைத்தால், கணக்குப் பேசும் என் போன்றவர்கள் சற்று அடங்கியே பேச வேண்டும்.

1995இல் முரசு சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துக்கு மாறியது. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’, சீனத்தில் ‘லியன்ஹ சாவ்பாவ்’, மலாயில் ‘பெரித்தா ஹரியான்’, தமிழில் முரசு என ஒரே கூரையின்கீழ் பல இதழ்கள் அமைந்தன. ஒன்றின் வாசகர் மற்றொன்றின் வாசகர் அல்லர். அச்சு இயந்திரமும் விநியோக வண்டியும் மட்டும் பொது. மகுதூம் சாயபு காலத்தில் வெவ்வேறு கைகளில் இருந்தது இப்போது ஒரே கையில் வந்து சேர்ந்தது. 2008இல் அந்நிறுவனம் சிங்கப்பூர் இந்தியருக்கென்று ஆங்கிலத்தில் ஒரு வார இதழைத் தொடங்கியது. அதன் பெயர் ‘தப்லா’. ‘இந்தியன் டெய்லி மெயில்’ தொடங்கி அப்போது அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.