தீட்டுத் துணியை யார் துவைத்தார்கள்?

மாதவிடாய் வரலாறு என்றால் துணியில் தொடங்கி நாப்கினில் முடியும் முன்னேற்றக் கதையைத்தான் சொல்கிறார்கள். அந்தத் துணியை யார் துவைத்தார்கள், அந்த நாப்கினை யார் பொறுக்குகிறார்கள் என்று கேட்டால் கதை மாறிவிடும். கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஊர்த் தெருவில் பெண் வீட்டு விலக்கானால் வண்ணாத்தி வருவார். அவர் கொடுக்கும் மாற்றுச் சேலையை உடுத்திக்கொண்டு, தீட்டுப்பட்ட துணியை அவரிடம் போட்டுவிடுவார்கள். வீட்டுப் பெண்ணுக்குத் தீட்டு சில நாள். துவைக்கிறவருக்கு அது ஆயுள் முழுக்க, பிள்ளைகளுக்கும் சேர்த்து.

சேரிக்கும் ஒரு வண்ணாத்தி இருந்தார். புதிரை வண்ணார் பட்டியல் சாதிகளுக்குத் துவைத்த பட்டியல் சாதியினர். மாதவிடாய்த் துணி, பிள்ளைப்பேற்றுத் துணி எல்லாம் அவர்கள் தலையில். கூலி என்பது வீடு வீடாகப் போய் வாங்கும் சோறு. திருநெல்வேலிப் பக்கம் அவர்கள் பகலில் கண்ணில் படவே கூடாது, இரவில்தான் வேலை என்று 1932 டிசம்பரில் 'தி இந்து' செய்தி வெளியிட்டது. இவர்களுக்கான நல வாரியம் தமிழ்நாட்டில் 2009-இல்தான் வந்தது. நம்மை ஒதுக்கியவர்களைப் பேசும்போது, நம் துணியைத் துவைத்தவர்களையும் பேசியாக வேண்டும் தோழர்களே.

நாப்கின் பிறந்த இடம் போர்க்களம். முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்ட மரக்கூழில் செய்த பஞ்சைச் செவிலியர்கள் மாதவிடாய்க்குப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் அது 'கோடெக்ஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. நம் பெண்களுக்கு அது எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. கோவை முருகானந்தம் மலிவு விலை நாப்கின் இயந்திரத்தைச் செய்தார். தமிழக அரசின் 'புது யுகம்' திட்டம் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு 18 நாப்கின் இலவசமாகக் கொடுத்தது. நாப்கின் மீதான 12 சதவீத ஜிஎஸ்டி 2018 ஜூலையில் நீக்கப்பட்டது.

இதைக் குறைத்துப் பேச மாட்டேன். கழிப்பறை இல்லாத ஒற்றை அறை வீட்டில், துவைத்த துணியை வெயிலில் காயவைக்க வெட்கப்பட்டு ஈரத்தோடு மடித்து வைத்த பெண்ணுக்கு நாப்கின் விடுதலைதான். ஆனால் நாப்கின் வந்ததால் தீட்டு போய்விடவில்லை. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் எட்டாம் வகுப்புத் தலித் மாணவி ஒருவரைப் பள்ளியில் வாசற்படியில் உட்காரவைத்துத் தேர்வு எழுத வைத்தார்கள்.

வண்ணாத்தியின் வேலையும் போய்விடவில்லை, ஆள்தான் மாறியது. கடைகளில் விற்கும் பெரும்பாலான நாப்கின்களின் மேலுறையும் அடித்தாளும் பிளாஸ்டிக். உள்ளே மரக்கூழும், ஈரத்தை இழுத்துக் கட்டியாக்கும் வேதித்தூளும் இருக்கும். மட்காது. சோற்றுக் குப்பையோடு கட்டிப் போட்டால், அதைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் நம் வீட்டுப் பெண். கழிவறையில் போட்டு அடைத்துக்கொண்டால், சாக்கடைக்குள் கைவிடுபவரும் நம்மவர்தான். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 நாப்கினைப் பொட்டலமாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்றன. சுற்றுவதற்கான உறை தரும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீதும் வைத்தன. எத்தனை பேர் சுற்றிப் போடுகிறார்கள் என்பதைக் குப்பை வண்டி அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்.

வண்டி போய்ச் சேருமிடம் எது? கொடுங்கையூர், பெருங்குடி என்று சென்னை பதில் வைத்திருந்தது. பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் குத்தம்பாக்கத்தையும் அந்த வரிசையில் சேர்க்கப் பார்த்தார்கள். தலித்துகள் பெருமளவில் வாழும் ஊர் அது. 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி, வேதிப்பொறியியல் படித்த தலித். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரின் இருபுறமும் வாழும் இரட்டை வீடுகளால் ஆன சமத்துவபுரம் அங்கே எழுந்தது. அந்த ஊரில்தான் நகரத்துக் குப்பைக்குக் கிடங்கு போடத் திட்டம் வந்தது. மேய்ச்சல் நிலம் போகும், செம்பரம்பாக்கம் ஏரி கெடும் என்று ஊரே எதிர்த்து நின்றது. சாதிச் சுவரைப் பொதுச் சுவராக்கிய ஊர், ஊர்க் கழிவு சேரிக்கு என்ற பழைய கணக்கையும் ஏற்கவில்லை.

அந்த மறுப்பை நாம் வீட்டுக்குள்ளும் கொண்டுவர வேண்டும். கேரளத்தின் கும்பளங்கி ஊராட்சி பெண்களுக்கு மாதவிடாய்க் கப் கொடுத்து, 2022-இல் நாப்கின் இல்லாத ஊர் என்று அறிவிக்கப்பட்டது. கப் கொதிநீரில் சுத்தம் செய்து பல ஆண்டு பயன்படுத்தக்கூடியது. அதற்குத் தண்ணீரும் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் வேண்டும். ஆகவே முதல் கோரிக்கை அவைதான்: விடுதியில், பள்ளியில், சேரியில். அடுத்தது, எது வசதியோ அதைப் பெண்ணே தேர்ந்தெடுக்க நாப்கின், துணி, கப் மூன்றும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். நாப்கினுக்குத் தனித் தொட்டி வேண்டும். அதை அள்ளுகிறவருக்குக் கையுறையும் நிரந்தர வேலையும் வேண்டும்.

நாப்கின் விளம்பரம் பாதுகாப்பு, சுகம் என்கிறது. அணிகிறவருக்கு மட்டுமா, அள்ளுகிறவருக்குமா என்று அடுத்த மாதவிடாய் சுகாதாரக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.