நத்தார் விழாவின் தோற்றம்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழர் கிறித்து பிறப்பு விழாவை நத்தார் என வழங்குவர். இச்சொல் போத்துக்கீசரின் 'நத்தால்' என்னும் சொல்லின் திரிபாகும். அதுவோ பிறந்த நாள் எனப் பொருள்படும் 'நத்தாலிஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போத்துக்கீசரோடு இங்கு வந்த இச்சொல்லின் மூலத்தைத் தேடிச் செல்வோமாயின், கி. பி. 354இல் உரோம் நகரில் தொகுக்கப்பெற்ற ஒரு நாட்காட்டி நம்மை எதிர்கொள்ளும். அதில் டிசெம்பர் 25ஆம் நாளுக்கு எதிரே, 'வெல்லப்படாதவனின் பிறந்த நாள்' என்னும் குறிப்பும், அன்று முப்பது தேரோட்டங்கள் நிகழும் என்னும் செய்தியும் காணப்படுகின்றன. வெல்லப்படாதவன் எனப்பட்டவன் சூரிய தேவனே என்பது அறிஞர் பலரின் துணிபு. அதே தொகுதியின் மற்றொரு பகுதியில், கிறித்தவத் தியாகிகளின் நினைவு நாட்பட்டியலின் தலைப்பில், அதே டிசெம்பர் 25இல் யூதேயாவின் பெத்லெகேமில் கிறித்து பிறந்தார் என எழுதப்பட்டுள்ளது.

ஒரே நூற்றொகுதியில் ஒரே நாளுக்குரியனவாக இரு பிறப்புக்கள் காணப்படுதல் வியப்புக்குரியது. இவற்றுள் எது முந்தியது? எது எதனிடமிருந்து பெறப்பட்டது? இவ்வினாவுக்கு இருவகை எளிய விடைகள் வழக்கில் உள்ளன. விழா அப்போஸ்தலர் காலந்தொட்டு நிலவுவது என்பது ஒன்று. பழைய சூரிய விழா ஒன்றுக்குக் கிறித்தவப் பெயர் சூட்டப்பட்டது என்பது மற்றொன்று. முன்னையதற்குச் சான்றில்லை, பின்னையதற்குச் சான்று போதாது. விழாவின் நாள், வழக்கங்கள், பொருள் ஆகிய மூன்றையும் வேறுபிரித்து, ஒவ்வொன்றும் முதன்முதலில் எக்காலச் சான்றில் தோன்றுகிறது என வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நாளை நோக்குவோம். யேசுவின் பிறப்பைக் கூறும் நற்செய்திகள் மத்தேயு, லூக்கா ஆகியோருடையன இரண்டே. அவற்றுள் எதுவும் மாதத்தையோ நாளையோ கூறவில்லை. கி. பி. 200ஆம் ஆண்டளவில் எழுதிய அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கிளமெந்து, சிலர் அப்பிறப்பை ஏப்ரிலிலும் வேறு சிலர் மேயிலும் வைத்துக் கணித்தமையைக் குறிப்பிடுகிறார்; டிசெம்பர் 25ஐக் கூறினாரல்லர். அவருக்குப் பின்வந்த ஒரிகன், திருமறையில் தம் பிறந்த நாளைக் கொண்டாடியவர்கள் பாரவோன், ஏரோது போன்ற தீயோரே எனச் சுட்டிக்காட்டினார். எனவே முதல் இரு நூற்றாண்டுகளிலும் திருச்சபையின் பெருவிழா உயிர்த்தெழுதலைப் போற்றும் பாஸ்கா விழாவேயன்றிப் பிறப்பு விழாவன்று என்பது பெறப்படும்.

முற்கூறிய தியாகிகள் பட்டியல், அதன் உள்ளமைவைக் கொண்டு நோக்குமிடத்து, 336ஆம் ஆண்டளவில் உருவாகியது என ஆய்வாளர் கருதுவர். டிசெம்பர் 25இல் பிறப்பு விழா நிகழ்ந்தமைக்கு ஐயமற்ற முதற்சான்று இதுவே. அவுரேலியன் என்னும் பேரரசன் 274ஆம் ஆண்டில் உரோமில் சூரியனுக்குப் பெருங்கோயில் எடுத்தான் என்பது உண்மை. ஆயின் அக்கோயில் டிசெம்பர் 25இல் திறக்கப்பட்டது எனக் கூறும் சமகால ஆவணம் எதுவும் இல்லை. 354ஆம் ஆண்டு நாட்காட்டியிலும் சூரியனுக்குரிய பெருவிளையாட்டுக்கள் ஒக்டோபர் மாதத்திலேயே குறிக்கப்பட்டுள்ளன. சூரியனின் டிசெம்பர் விழாவுக்கும் கிறித்துவின் டிசெம்பர் விழாவுக்கும் நமக்குக் கிடைக்கும் தெளிவான முதற்சான்று ஒரே தொகுதியாக இருக்கும்போது, ஒன்றை மற்றதன் தாய் எனத் துணிந்துரைத்தல் பொருந்தாது.

இந்நாளுக்கு வேறொரு விளக்கமும் உண்டு. பிரெஞ்சு அறிஞர் லூயி துசேன் 1889இல் அதனை முன்வைத்தார். கிறித்து சிலுவையில் இறந்த நாள் மார்ச் 25 எனத் தெர்த்துல்லியன் போன்ற இலத்தீன் ஆசிரியர் கருதினர். அவர் கருவில் உருவானதும் அதே நாளிலேயே என்னும் நம்பிக்கை பின்னர் எழுந்தது. அதிலிருந்து ஒன்பது மாதங்களை எண்ணினால் டிசெம்பர் 25 கிடைக்கும். அகுஸ்தீனார் இக்கணக்கை வெளிப்படையாகவே எழுதியுள்ளார். கீழைத்தேயத்தில் இறந்த நாளை ஏப்ரில் 6 எனக் கொண்டோரும் இருந்தனர். அங்கு பிறப்பு ஜனவரி 6இல் கொண்டாடப்பட்டமை இவ்விளக்கத்துக்கு அரணாகிறது. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6ஐயே பேணுகிறது. அந்தியோக்கியாவில் 386ஆம் ஆண்டில் பிரசங்கித்த ஜோன் கிறிசொஸ்தோம், டிசெம்பர் விழா அந்நகருக்கு அறிமுகமாகிப் பத்தாண்டுகள்கூட ஆகவில்லை என ஒப்புக்கொள்கிறார்.

எனினும், இவ்விளக்கமும் சூரியனை முற்றாக விலக்கிவிடவில்லை. உரோமர் தம் மரபுவழி நாட்காட்டியில் மார்ச் 25ஐ இளவேனிற் சமவிராக் காலமாகவும், டிசெம்பர் 25ஐப் பகற்பொழுது மிகக் குறுகும் நாளாகவும் கொண்டிருந்தனர். ஒளி வளரத் தொடங்கும் நாளில் உலகின் ஒளி பிறந்தது என்னும் கருத்து அக்காலத்தவரின் மனத்தைக் கவர்ந்தமை இயல்பே. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பேதுருவின் ஆலயப் படிகளில் ஏறிய கிறித்தவர் சிலர் திரும்பி நின்று உதய சூரியனை வணங்கினர் எனப் பாப்பரசர் லியோ கடிந்துரைத்தார். ஒரே வானத்தின் கீழ் வாழ்ந்த இரு சமயத்தாரும் அவ்வானத்திலிருந்தே தத்தம் குறியீடுகளைப் பெற்றனர் எனல் தகும்.

இனி வழக்கங்களை நோக்குவோம். டிசெம்பர் 17இல் தொடங்கிப் பல நாட்கள் நீடித்த சாத்தர்ன் விழாவில், உரோமர் மெழுகுதிரிகளையும் சிறு மண்பாவைகளையும் பரிசளித்தனர், அடிமைகளுக்கு விருந்திட்டனர், சூதாட்டத்துக்குத் தடையில்லை. ஜனவரி முதல் நாளிலும் பரிசுகள் பரிமாறப்பட்டன. கிறித்தவர்கள் இவ்விழாக்களிற் கலந்துகொள்வதையும், தம் வாயில்களில் விளக்கேற்றி வாகைத் தழைகளைத் தொங்கவிடுவதையும் தெர்த்துல்லியன் கண்டித்தார். இக்கண்டனம் டிசெம்பர் 25 விழாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முற்பட்டது. பழைய வழக்கங்களைக் கொண்டுவந்தவர்கள் குருமாரல்லர். அயலவரோடு கூடி வாழ்ந்த எளிய மக்களே அவற்றைக் கைவிடாது காத்தனர் என்பது இதனாற் புலனாகும்.

வடபுலத்திலும் இந்நிலையைக் காணலாம். ஆங்கிலேயர் டிசெம்பர் 25இல் ஆண்டைத் தொடங்கினர் எனவும், அவ்விரவை 'அன்னையரின் இரவு' என வழங்கினர் எனவும் பீட் என்னும் துறவி 725ஆம் ஆண்டில் எழுதினார். அவர் தரும் குளிர்கால மாதப் பெயர், விழாவின் பெயராகிய 'யூல்' என்னும் சொல்லில் இன்றும் வாழ்கிறது. ஆயின் பெயர் நிலைத்தமை கொண்டு சடங்குகளும் நிலைத்தன எனக் கொள்ளலாகாது. அவ்விரவில் யாது நிகழ்ந்தது எனப் பீட் விரித்துக் கூறவில்லை.

விழாவின் இன்றைய தோற்றத்தை ஆக்குவனவோ பெரும்பாலும் பிற்காலத்தவை. அசிசியின் பிரான்சிசு கிரெச்சோ என்னும் சிற்றூரில் வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டு மாட்டுத்தொழுவக் காட்சியை அமைத்தது 1223இல். ஸ்திராஸ்பூர்க் நகரின் வீடுகளில் ஊசியிலை மரங்களை நாட்டிக் கடதாசி ரோசாக்களும் அப்பிள்களும் தொங்கவிட்டதைக் கூறும் குறிப்பு 1605ஆம் ஆண்டுக்குரியது. டிசெம்பர் 24 ஆதாம் ஏவாள் நாளாகப் பேணப்பட்டமையால், அந்த அப்பிள்கள் ஏதேன் தோட்ட நாடகங்களின் மரத்தை நினைவூட்டுகின்றன என்பர். விக்தோரியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848இல் இலண்டன் பத்திரிகையொன்றில் வெளிவந்த பின்னரே அது இங்கிலாந்தில் எங்கும் பரவியது. உரோமரின் தழைக்கும் இம்மரத்துக்குமிடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. இடையே தொடர்ச்சியைக் காட்டாது உறவு கூறுதல் ஊகமேயாகும்.

அவ்வாறாயின், விழா முழுவதும் புறச்சமயத்தாருடையது என்னும் கருத்து எங்கிருந்து வலிமை பெற்றது? அக்கருத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. திருமறையிற் கட்டளையிடப்படாத விழா மனிதரின் புனைவே எனக் கொண்ட சீர்திருத்தவாதிகளின் வாதத்தில் அது வளர்ந்தது. இங்கிலாந்தின் பாராளுமன்றம் 1647இல் நத்தார் விழாவை ஒழித்துச் சட்டமியற்றியது. அவ்வாண்டு நத்தாரன்று கடைகளைத் திறக்க வேண்டும் என்ற கட்டளையை எதிர்த்துக் கன்ரபரி நகர மக்கள் கலகம் செய்தனர். அமெரிக்காவின் மசாசுசெற்சுக் குடியேற்றம் 1659இல், விழாக் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலின் தண்டம் விதித்தது. 1681 வரை அச்சட்டம் நிலவியது. அது நீங்கிய பின்னரும், 1687இல் இன்கிறீஸ் மாதர் என்னும் போதகர் விழாவைச் சாத்தர்ன் விழாவின் எச்சம் எனக் கண்டித்தெழுதினார். ஸ்கொத்லாந்தில் அது பொது விடுமுறையானது 1958இலேயே. தோற்றம் பற்றிய கருத்து ஏட்டளவில் நில்லாது, அண்டை வீட்டாரின் உணவையும் மகிழ்ச்சியையும் தண்டிக்கும் கருவியாகவும் அமைந்தது என்பதை இவை உணர்த்துகின்றன.

வரலாற்று மாணவர் இதிற் கற்கவேண்டியது ஒன்றுண்டு. ஒப்புமை வேறு; வழித்தோன்றல் வேறு. இரு வழக்கங்கள் ஒத்திருப்பின் அவற்றைத் தாயும் சேயும் எனக் கொள்ளுமுன், காலத்தையும் இடத்தையும் இடைநின்ற சான்றுகளையும் தேடுதல் வேண்டும். தோற்றம் ஒன்றாயினும் பொருள் ஒன்றாதல் வேண்டும் என்பதும் இல்லை. நத்தாலிஸ் என்னும் சொல்லே இதற்குச் சான்று. உரோம நாட்காட்டியில் அது வெல்லப்படாதவனுக்கும் உரியதாயிருந்தது. போத்துக்கீசர் வழி நம் கரைக்கு வந்து நத்தாராயபோது, பெத்லெகேமிற் பிறந்த குழந்தையை மட்டுமே குறித்தது. சொல்லின் பிறப்பு உரோமிலாயினும், இன்று அதனை வழங்குவோர் அதற்கு அளிக்கும் பொருளும் வரலாற்றின் ஒரு பகுதியேயாகும்.