எச்சரிக்கை கேட்டவர் எங்கே போவது?
வங்காளக் கரையின் சூறாவளித் தொண்டர் இயக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி இரவு வங்காள விரிகுடாவின் வடகரையைத் தாக்கிய சூறாவளியில் மாண்டோர் தொகை மூன்று இலட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணிப்பு. ஐந்து இலட்சம் என்பாரும் உளர். போலாப் பகுதியின் தஜுமுதீன் தானாவிலே வாழ்ந்த 1,67,000 பேரில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் மடிந்தனர். இத்தொகைகள் நூல்களிலே திரும்பத் திரும்பக் கூறப்படுவன. ஆனால் நமது சிந்தனையைக் கூடுதலாகத் தூண்டவேண்டியவை வேறிரு தொகைகளாகும். புயலின் பின் நடத்தப்பட்ட ஆய்வொன்றின்படி, பாதிக்கப்பட்ட பகுதி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புயல் வருவதை முன்னரே அறிந்திருந்தனர்; உறுதியான கட்டடத்திலே அடைக்கலம் தேடியவர்களோ நூற்றுக்கு ஒருவர் மட்டில்தான்.

அப்படியாயின் அவர்களைக் கொன்றது அறியாமையா? அன்றைய ஆளும் வர்க்கத்தாருக்கும், அவர்களுக்கு ஆலோசனை கூறிய நிபுணர் சிலருக்கும் அவ்வாறு கூறுவது வசதியாயிருந்தது. நாம் அதனை ஏற்பதற்கில்லை. மண்சுவரும் ஓலைக்கூரையுமே வீடாகவும், கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்த வண்டல் நிலமே ஊராகவும் உள்ள ஒருவனிடம் 'புயல் வருகிறது, பாதுகாப்பான இடத்துக்குச் செல்க' என்று வானொலி கூறினால், அவன் எங்கே செல்வான்? கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்ட வீடு அவ்வூரில் ஒன்று இருந்தால், அஃது பெரும்பாலும் நிலச்சொந்தக்காரனுடையது. மாட்டை அவிழ்த்துவிட்டுப் போனால் மறுநாள் உழுவதற்கு மாடிராது. நவம்பர் மாதம் அமன் நெல் அறுவடைக் காலம். அறுவடைக்கென்று வேறு மாவட்டங்களிலிருந்து வந்து வயலோரக் குடிசைகளிலே தங்கியிருந்த கூலியாட்கள் எத்தனை பேர் அவ்விரவிலே கடலோடு போயினர் என்பது எந்தக் கணக்கிலும் முழுமையாக வந்து சேரவில்லை. ஊர்ப்பதிவில் இல்லாதவனுக்கு மரணப்பதிவும் இல்லை.

இக்கரைக்கு இத்தகைய அழிவு புதிதன்று. 1876ஆம் ஆண்டுப் பாக்கர்கஞ்சுச் சூறாவளியிலே ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் நீரில் மூழ்கியும், அதன்பின் வந்த நோயாலும் பசியாலும் ஏறத்தாழ அதேயளவினரும் மடிந்தனர். அதற்கு முன்பே புயலைப் பற்றிய விஞ்ஞானம் கல்கத்தாவிலே நன்கு வளர்ந்திருந்தது. 'சைக்குளோன்' என்னும் சொல்லையே உலகுக்குத் தந்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். 1848இல் அவர் வெளியிட்ட நூல் மாலுமிகளுக்காக எழுதப்பட்டது. 1864ஆம் ஆண்டுப் புயல் கல்கத்தாத் துறைமுகத்தைச் சின்னாபின்னப்படுத்தியதன் பின்னர், 1865இல் புயலெச்சரிக்கைச் சேவையொன்று அங்கு தொடங்கப்பட்டது. யாருக்காக? துறைமுகத்துக்காகவும் கப்பல்களுக்காகவுமே. வணிகச் சரக்கு நீரிலிருந்தது, குடியானவன் நிலத்திலிருந்தான். குடியேற்றவாத ஆட்சியின் கண் எப்பக்கம் திரும்பியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அக்கண்ணோட்டம் ஆட்சியோடு ஒழிந்துவிடவில்லை. வங்காளக் கரையிலே நெடுங்காலம் வழங்கிவந்த எச்சரிக்கைச் சமிக்ஞைகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை. அவற்றுள் 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே அளவான அபாயத்தையே குறிப்பன. புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுச் செல்லுமா, வலப்புறம் விட்டுச் செல்லுமா, அன்றி நேரே அதன்மேலேயே வருமா என்பதொன்றே அவற்றுக்கிடையிலுள்ள வேறுபாடு. 8, 9, 10 ஆகியவையும் பேரபாயத்தை அவ்வாறே பகுப்பன. கப்பற்றலைவனுக்கு இது உயிர்நாடியான செய்தி என்பதில் ஐயமில்லை. எந்தத் துறைமுகத்துக்கும் பல மைல் தொலைவிலே சேற்றுத்தீவொன்றில் வாழும் மீனவப் பெண்ணுக்கு இதனால் ஆகும் பயன் யாது? ஆறாம் எண்ணைக் காட்டிலும் ஏழாம் எண் கொடியது என்று அவள் கருதினால், அது அவளுடைய பிழையன்று. இப்பட்டியலின் பதினோராம் சமிக்ஞை, எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதைக் குறிப்பது. கரையோர மக்களைப் பொறுத்தவரை அவர்கள் எக்காலமும் பதினோராம் சமிக்ஞையின் கீழேயே வாழ்ந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

1970க்கு வருவோம். அவ்வாண்டுப் புயலை அமெரிக்க வானிலைச் செய்மதி படம்பிடித்தது. விஞ்ஞானம் கண்டுவிட்டது; அரசு காணவில்லை. ஜனாதிபதி யாஹ்யா கான் சீனாவிலிருந்து திரும்பும் வழியிலே விமானத்திலிருந்தபடி அழிவைப் பார்வையிட்டுச் சென்றார். நிவாரணம் தாமதித்தது. முதியவர் மௌலானா பாஷானி பாதிக்கப்பட்ட இடங்களுக்குச் சென்று மீண்டு, டாக்காவின் பல்டன் மைதானத்திலே மேற்குப் பாகிஸ்தான் ஆட்சியாளரைப் பகிரங்கமாகச் சாடினார். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தைத் தம் கோடுகளால் உலகறியச் செய்த ஓவியர் சைனுல் ஆபிதீன், மன்புராத் தீவின் பிணக்குவியலை நீண்ட சுருளோவியமாகத் தீட்டினார். டிசம்பரில் நடந்த தேர்தலிலே கிழக்குப் பாகிஸ்தான் மக்கள் அவாமி லீக்குக்கு ஏறக்குறைய எல்லா ஆசனங்களையும் அளித்தனர். புயல் பாதித்த தொகுதிகளுக்குத் தேர்தல் 1971 சனவரியிலேயே நடந்தது. பங்களாதேஷின் பிறப்புக்குப் புயலே காரணம் என்று கூறுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். மொழிப் போராட்டமும் பொருளாதாரச் சுரண்டலும் அதற்கு நெடுநாளாகவே வழியமைத்திருந்தன. எனினும், தூரத்து ஆட்சியொன்று தம்மை எவ்வளவு மதிக்கின்றது என்பதனை அம்மக்கள் பிணங்களை எண்ணி அறிந்துகொண்டனர் என்பதை மறுத்தலாகாது.

இப்பின்னணியிலேதான் நாம் எடுத்துக்கொண்ட இயக்கம் தோன்றிற்று. அதன் வித்து சற்று முந்தியது. 1965இல் அன்றைய பாகிஸ்தான் செஞ்சிலுவைச் சங்கம், கரையோர மக்களுக்கான எச்சரிக்கை முறையொன்றுக்கு உதவுமாறு செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேசக் கழகத்தைக் கேட்டது. 1966இல் சுவீடன் நாட்டுச் சங்கத்தின் துணையோடு சிறு அளவிலான பரீட்சார்த்தத் திட்டமொன்று தொடங்கியது. பேரழிவின் பின்னர், 1972இல், சுதந்திர பங்களாதேஷிலே அது 'சூறாவளி ஆயத்தத் திட்டம்' என்னும் பெயரில் புதிதாக வடிவம் பெற்றது. சர்வதேசக் கழகம் 1973 யூன் மாத முடிவோடு தன் நேரடிப் பொறுப்பிலிருந்து விலக, யூலை முதல் அரசாங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் கூட்டாக அதனை நடத்தலாயின. 1988இலே சங்கம் செம்பிறைச் சங்கம் எனப் பெயர் மாறியது.

அமைப்பு முறை எளியது. இரண்டாயிரம் மூவாயிரம் மக்கள் வாழும் ஊர்ப்பகுதி ஓர் அலகு. ஊரவர் கூடிய கூட்டத்திலே அவ்வூராருள்ளேயே தொண்டர் தெரிவு செய்யப்படுவர். தொடக்கத்தில் அலகுக்குப் பத்துப்பேர். ஒரு சாரார் எச்சரிக்கை பரப்புவர். மற்றவர் அடைக்கலம், மீட்பு, முதலுதவி, நிவாரணம் எனப் பணிகளைப் பகிர்ந்துகொள்வர். டாக்காவிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தின் செய்தி கம்பியில்லாத் தந்தி மூலம் வட்டார நிலையங்களுக்கும், அங்கிருந்து ஊருக்கும் வரும். அதற்குமேல் கால்நடையாகவோ சைக்கிளிலோதான். கையிலே ஒலிபெருக்கிக் குழாய், கையால் சுழற்றும் சங்கு, கம்பத்திலே ஏற்றக் கொடி. அபாயம் மிக மிக ஒரு கொடி இரண்டாகும், இரண்டு மூன்றாகும். மாலுமிக்குரிய எண்கணிதத்தைக் குடியானவன் கண்ணால் காணும் மொழியாக மாற்றியமையே இவ்வியக்கத்தின் முதற்பெரும் சாதனை என்று நாம் கருதுகின்றோம். புயலில்லாத மாதங்களிலும் அவர்கள் சும்மா இருப்பதில்லை. ஒத்திகை நடத்துவர், நாடகம் போடுவர், படங்காட்டுவர். மாட்டை விட்டுப் பிரியமாட்டேன் என்றவனுக்காக மண்மேடுகளும் எழுப்பப்பட்டன. 'கில்லா' எனப்படும் இம்மேடுகளின் தேவையை உணர மாடு கட்டி வாழ்ந்த மனிதரின் அனுபவம் வேண்டியிருந்தது.

தொண்டருக்குச் சம்பளமில்லை. இதுபற்றி இரு வகையாகவும் வாதிக்கலாம். ஏழையின் உழைப்பை ஊதியமின்றிப் பெற்று அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்கின்றது என்பது ஒரு வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், கூலிக்கு வந்த வெளியூரானின் சொல்லைக் கேட்டு நள்ளிரவில் வீட்டை விட்டிறங்காத கிழவி, தான் பிறந்தநாள் தொட்டு அறிந்த அயல்வீட்டுப் பையன் கதவைத் தட்டினால் இறங்குவாள். நம்பிக்கை என்பது வரவுசெலவுத் திட்டத்தின் மூலம் வாங்கத்தக்க பொருளன்று. அரசு வாங்கத்தக்கது, வாங்கவேண்டியது, அடைக்கலக் கட்டடம். அதிலேதான் அது தவறியது.

இத்தவறு 1985 மே மாதத்திலே உரிர்ச்சார் என்னும் தீவில் முதலில் வெளிப்பட்டது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் கடலிலே புதுநிலமாக எழும்போது அதனைச் 'சார்' என்பர். நிலமற்றவன் அங்கே ஓடுகின்றான்; ஜோத்தார் எனப்படும் நிலச்சொந்தக்காரன் தன் தடியடிக்காரரை அனுப்பி அதனை வசப்படுத்துகின்றான். உழுபவன் தங்குவது அவன் தயவிலேதான். அப்புயலிலே மாண்டவர் ஏறத்தாழப் பதினோராயிரம் என்பர். கடலுக்கு மிக அண்மையில் வாழ்பவன் யார் என்பதனை நிர்ணயிப்பது காற்றன்று, நிலவுடைமை.

1991 ஏப்ரில் 29ஆந் திகதி இரவு சிட்டகொங், கொக்ஸ்பசார், சந்துவீப், குத்துப்தியா ஆகிய இடங்களைப் புயல் தாக்கிற்று. தொண்டர்கள் எச்சரித்தனர், கடமையிலிருந்த தொண்டர் சிலர் உயிரும் துறந்தனர். எனினும் மாண்டோர் ஏறத்தாழ 1,38,000 பேர். பின்னர் நடந்த ஓர் ஆய்வு, கல்வீட்டையோ சீமெந்துக் கட்டடத்தையோ சென்றடையாதவரில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேர் மாண்டனரென்றும், சென்றடைந்தோர் அனைவரும் பிழைத்தனரென்றும் கண்டது. இதைவிடத் தெளிவான கணக்கு உலகில் இராது. மற்றொரு கணக்கும் உண்டு: 20 முதல் 44 வரையான வயதினரில் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேரும், ஆயிரம் பெண்களுக்கு 71 பேரும் மாண்டனர். பெண் உடலால் நலிந்தவள் என்று கூறி இதனைக் கடந்துவிட முடியாது. கணவன் சந்தையிலோ கடலிலோ இருக்க, அவன் அனுமதியின்றி வீட்டை விட்டு வெளிச்செல்லலாகாது என்னும் கட்டுப்பாடு, அந்நிய ஆடவர் நெருங்கி நிற்கும் மண்டபத்திலே தங்குவதற்கு நாணம், நீரிலே காலைச் சுற்றும் புடவை, இடுப்பிலே குழந்தை. எச்சரிக்கையைக் கொண்டுவந்தவனும் பெரும்பாலும் ஆண். அவன் அதனைச் சொன்னதும் ஆணிடம். மக்கள் பங்களிப்பு என்று நாம் பெருமையாகக் கூறியது மக்களிற் பாதிப்பேரின் பங்களிப்பாகவே இருந்தது.

இயக்கம் இதனைக் கற்றுக்கொள்ளச் சிறிது காலம் பிடித்தது. பெண் தொண்டர் முதலிற் சிலராகச் சேர்க்கப்பட்டனர். இன்று அலகுக்கு இருபது பேரில் பத்துப்பேர் பெண்கள். மொத்தத் தொண்டர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். அடைக்கலங்களிலே பெண்களுக்கென வேறு அறைகள் வந்தன. 1993இல் பொறியியலாளர் ஜமிலுர் ரெசா சௌத்ரியின் தலைமையிலான குழு அளித்த அறிக்கை, இக்கட்டடங்கள் புயலுக்காக மட்டும் பூட்டிவைக்கப்படாமல் ஆண்டு முழுவதும் பயன்படவேண்டும் என்ற அடிப்படையிலே அமைந்தது. ஆகவே அவற்றுட் பல பாடசாலைகளாயின. தூண்களின் மேல் உயர்ந்த வகுப்பறைகள். கீழே வெள்ளம் தடையின்றிப் பாய வெற்றிடம். ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இச்செய்தியிலே தனியான மகிழ்ச்சி உண்டு. பிள்ளை எழுத்தறிந்த அதே அறையிலே அவன் தாய் ஓரிரவு உயிர் காத்திருந்தாள் என்றால், அப்பாடசாலையை அவ்வூர் எளிதிற் பாழாக விடாது.

2007 நவம்பர் 15இல் 'சிதர்' வந்தபோது நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர் இறங்கினர். மாண்டோர் ஏறத்தாழ 3,400. 2020 மே மாதத்திலே, கொள்ளைநோய் பரவிய காலத்தில், 'அம்பான்' புயலுக்கு முன் ஏறத்தாழ 24 இலட்சம் மக்கள் அடைக்கலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பங்களாதேஷிலே மாண்டோர் சில பத்துப்பேரே. புயலின் வன்மையும் அது வந்த வழியும் ஒவ்வொரு முறையும் வேறு என்பதால், தொகைகளை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது முழுவதும் பொருந்தாது. எனினும் அரை நூற்றாண்டுப் போக்கு எத்திசையிற் செல்கின்றது என்பதிலே மயக்கமில்லை. 1978 நவம்பரிலே மட்டக்களப்பைச் சூறையாடிய புயலும் இதே விரிகுடாவிற் பிறந்ததுதான் என்பதனால், நம் நாட்டு மாணவர் இவ்வரலாற்றைப் பிறர் கதையாகப் படிக்கவேண்டியதில்லை.

ஆனால் உயிர் தப்பியவன் மறுநாள் எங்கே திரும்புகின்றான் என்று கேட்டால், கொடிகளும் ஒலிபெருக்கிகளும் விடையளிக்கமாட்டா. தென்மேற்குக் கரையிலே 1960களில் அணைகள் கட்டி உவர்நீரைத் தடுத்து நெல் விளைத்த நிலத்திலே, 1980கள் முதல் ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்புப் புகுந்தது. இறாலுக்கு உவர்நீர் வேண்டும். பணமுடையோர் அணைகளை வெட்டியும் குழாய் செருகியும் கடல்நீரை உள்ளே விட்டனர். நெல் அழிந்தது, மரம் பட்டது, குடிநீர் உவர்த்தது. அந்நியச் செலாவணியைத் தேடிய அரசும், உலக வங்கி போன்ற நிறுவனங்களும் இதனையே அபிவிருத்தி என்றழைத்தன. 2009 மே 25இல் 'ஐலா' வந்தபோது சத்கீரா, குல்னா மாவட்டங்களில் நலிந்திருந்த அணைகள் உடைந்தன. சிதரைக் காட்டிலும் அது வன்மை குன்றிய புயலே. மாண்டோரும் சில நூற்றுவரே. ஆனால் பெருந்தொகையான குடும்பங்கள் உடைந்த அணையின் முதுகிலே ஆண்டுக்கணக்கிற் குடியிருக்க நேர்ந்தது. இந்த அபாயத்துக்குச் சமிக்ஞை எண் எதுவும் இல்லை.

இதனை முன்னரே கண்டு எதிர்த்தவரும் கரையோர ஏழைகளே. குல்னா மாவட்டத்தின் பைக்கச்சாப் பகுதியிலே, 22ஆம் இலக்க அணைநிலத்தில், இறால் வளர்ப்பைப் புகவிடமாட்டோம் என்று நிலமற்ற விவசாயிகள் அணிதிரண்டனர். 1990 நவம்பர் 7ஆந் திகதி ஹரின்கோலாவிலே அவ்வூர்வலத்தின் முன்னணியில் நின்ற கருணாமயி சர்தார் என்னும் பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நிலத்திலே இறால் பண்ணை ஏற்படவில்லை. ஆண்டுதோறும் அத்திகதியிலே, அக்கம்பக்கத்து நிலமற்றோர் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகின்றனர்.