கொச்சியைக் கட்டியோரும் கற்பித்தோரும்

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு இன்று ஊரார் வழங்கும் பெயர் ‘டச்சு அரண்மனை’ என்பதாகும். உண்மையில் அதனை எழுப்பியோர் போர்த்துக்கீசியர். ஏறத்தாழ 1555-ஆம் ஆண்டில் எழுப்பிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பின்னர் அதனைப் பழுதுபார்த்தனர். பெயர் அவர்களுக்கு உரியதாயிற்று. கட்டுவித்தவர் பெயர் மறையப் பழுதுபார்த்தவர் பெயர் நிலைத்தது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அது கிடக்க, கட்டியவர் யாவர் என வினவுவோமாயின்? நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதியின் கோயிலைக் கொண்டு நாலுகெட்டு முறையில் அமைந்த அவ்வரண்மனையைக் காண்போர், மலையாள நாட்டுத் தச்சர்தம் கைவண்ணத்தை ஆங்கே உணராதிரார். அத்தச்சருள் ஒருவர் பெயரேனும் மக்கள் வழக்கில் இல்லை. சுவர்களில் இராமாயணத்தைத் தீட்டிய ஓவியர் நிலையும் அதுவே.

அரண்மனைக்கு அணித்தாகவே யூதத் தெரு உளது. 1568-இல் தோன்றிய பரதேசி யூதர் தொழுகைக் கூடத்திற்கு 1760-இல் மணிக்கூண்டு அமைத்தவர் எசக்கியேல் ரகபி. நீலமும் வெண்மையுமான சீனத்து ஓடுகளைத் தளத்தில் பதிப்பித்தவரும் அவரே. 1694 முதல் 1771 வரை வாழ்ந்த இப்பெருவணிகரின் தொழில் வாழ்வை நாம் நன்கு அறிகிறோம். ஏன்? ஒல்லாந்தக் கும்பினியாருடன் அவர் நெடுங்காலம் மிளகு வாணிகம் நடத்தினார். ஆதலின் கும்பினியின் ஏடுகளில் அவர் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. மேலும், கொச்சி யூதரைப் பற்றி ஹேக் நகரத்துத் தோபியாஸ் போவாஸ் கேட்ட வினாக்களுக்கு அவரே 1768-இல் விடை எழுதினார். கணக்கில் ஏறியவர், தம் கையாலும் எழுதியவர் நிலைத்தார். மணிக்கூண்டிற்குக் கல் சுமந்தவர் நிலைத்திலர்.

அந்த ஏடுகள் சென்ற வழி நம்மவர்க்கு வியப்பளிக்கக் கூடியது. 1795-இல் ஆங்கிலேயர் கொச்சியைக் கைக்கொண்ட பின்னர், ஒல்லாந்தர் விட்டுச் சென்ற ஆவணங்கள் காலப்போக்கில் சென்னை வந்து சேர்ந்தன. இன்று எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் செங்கற் கட்டடத்தில் அவை உள்ளன. கொச்சியின் ஆளுநராய் இருந்த மூன்ஸ் 1781-இல் தம் பின்னவர்க்கு எழுதி வைத்த நினைவுக் குறிப்பும் அவற்றுள் ஒன்று. சென்னை அரசு அச்சகம் 1911-இல் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டது. 2003-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஒல்லாந்தக் கும்பினியின் ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது, சென்னையில் உள்ளவையும் அச்சிறப்பைப் பெற்றன. மட்டாஞ்சேரியின் கதையைத் தேடும் மாணவர் எழும்பூர் நிலையத்தில் இறங்க வேண்டும் என்பது எத்துணைப் பேருக்குத் தெரியும்?

ஆசிரியர் நிலைக்கு வருவோம். இங்கே நெஞ்சை நிறைக்கும் சான்று ஒன்று உண்டு. கொச்சியின் ஒல்லாந்தத் தளபதி வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் மூலிகைப் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு மருத்துவ அறிவை வழங்கியோர் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் ஆவர். தம் குடும்பத்து ஏட்டுச் சுவடியின் துணைகொண்டு மரஞ்செடிகளின் பெயரும் குணமும் கூறியதாக இட்டி அச்சுதன் 1675-இல் அளித்த சான்றுரை, கோலெழுத்து வடிவிலேயே முதல் தொகுதியில் அச்சாகியுள்ளது. அவருடைய சுவடி இன்று இல்லை. அந்த ஒரு பக்கம் மட்டும் இல்லையேல், அரண்மனைத் தச்சரைப் போலவே அவரும் பெயரற்றுப் போயிருப்பார். அயலவன் நூலில் தம் எழுத்தைப் பதிய வைத்த அம்மருத்துவரை நாம் தலைவணங்கவே வேண்டும். வான் ரீடையும் அதற்காகப் பாராட்டலாம். அக்காலத்தில் அவ்வாறு செய்தோர் மிகச் சிலர். நூல் முழுவதையும் பேராசிரியர் மணிலால் ஆங்கிலத்தில் பெயர்க்க, கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது.

தமிழ் கற்றுத் தமிழ் இலக்கணம் எழுதிய அண்டிரிக் அடிகளார்க்கும் கொச்சி உறவு உண்டு. அவருடைய ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579-இல் கொச்சியிலேயே அச்சேறியது. அவர்தம் இலக்கணக் கைப்படியோ லிஸ்பன் நூலகத்தில் நெடுங்காலம் உறங்கிற்று, 1982-இல் பதிப்பாயிற்று. அமெரிக்காவில் பணியாற்றிய தமிழறிஞர் வி. எஸ். ராஜமும் ஜீன் ஹைனும் அதனை ஆங்கிலமாக்க, ஹார்வர்டு கீழ்த்திசை நூல்வரிசையில் 2013-இல் வந்தது. முத்துக்குளித்துறையில் எழுந்த தமிழிலக்கணம் ஒன்றைக் கடல் கடந்து வாழ்ந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் மீட்டது நம் போன்றோர் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி.

கொச்சியிலேயே நமக்கு இன்னும் நெருங்கிய ஒரு தமிழ்க் கூட்டம் உண்டு. கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் வாழும் தமிழ் வண்ணார் குடும்பத்தார், ஒல்லாந்தப் படைவீரரின் சீருடை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்பர். தலைமுறை பல கடந்தும் தமிழை விடாதோர் அவர்கள். அவர்தம் பிள்ளைகளுக்கு முதன்முதல் தமிழெழுத்துக் கற்பித்தவர் யார்? அவர்தம் குலதெய்வக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டிச் சுவரெழுப்பிய கொத்தனார் யார்? எழும்பூர் ஏடுகளில் சீருடைச் செலவு ஒருகால் அகப்படலாம். இவ்விருவர் பெயரும் அகப்படுதல் அரிது. அவற்றைத் தேடப் புகுவோர்க்கு வீட்டுப் பெட்டிகளே காப்பகம்: மங்கிய திருமண அழைப்பிதழ், கோயில் வரிக் கணக்கு, பள்ளிச் சான்றிதழில் தலைமையாசிரியர் இட்ட கையொப்பம்.